மலபார்த் தோட்டம் கண்ட வான் ரீடு

கொச்சிக்குச் செல்வோர் மட்டாஞ்சேரி அரண்மனையைக் காணாது திரும்புவதில்லை. 1555-ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் கட்டிக் கொச்சி அரசர்க்கு வழங்கிய மாளிகை அது. 1663-ஆம் ஆண்டுக்குப் பிறகு ஒல்லாந்தர் அதனைப் பழுதுபார்த்தனர். கட்டியவர் பெயர் மறைந்தது. பழுதுபார்த்தவர் பெயர் நிலைத்தது. இன்றும் அதனை டச்சு அரண்மனை என்றே ஊரார் வழங்குகின்றனர். உழைத்தவர் ஒருவர், பெயர் பெற்றவர் மற்றொருவர் என்னும் நிலை கட்டடங்களுக்கு மட்டும் உரியதன்று, நூல்களுக்கும் உண்டு. ஆராய்ச்சி மாணவர்களாகிய நம்மில் பலர் அதனை அறிவோம்.

அந்த அரண்மனையின் வரலாற்றில் வாளோடு நுழைந்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அதே கொச்சியில் மலையாள நாட்டுச் செடி கொடிகளைப் பற்றிய பெருநூல் ஒன்றைத் தொகுக்கத் தொடங்கிய ஒருவருடைய வாழ்க்கையே இக்கட்டுரையின் பொருள். அவர் பெயர் ஹெண்டிரிக் ஏட்ரியான் வான் ரீடு. அவர் தொகுத்த நூல் ‘ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்’. மலபார்த் தோட்டம் என்பது அதன் பொருள். பல துறைகளை ஒருங்கே இணைக்கும் முதுகலை வகுப்புகளும் ஆராய்ச்சித் திட்டங்களும் இன்று நம் பல்கலைக்கழகங்களில் பெருகி வருகின்றன. மருத்துவமும் மொழியியலும் செடிநூலும் ஓவியமும் ஒரே மேசையில் அமர்வது புதுமை என்று பேசப்படுகிறது. அப்புதுமையைப் பதினேழாம் நூற்றாண்டிலேயே, பல்கலைக்கழகம் ஒன்றும் இல்லாத ஒரு துறைமுக நகரில், பல்கலைக்கழகத்தில் பயிலாத போர்வீரர் ஒருவர் செய்து காட்டினார்.

வான் ரீடு 1636-ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரில், உயர்குடி ஒன்றில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். தந்தையும் நெடுநாள் வாழவில்லை. பதினான்கு வயதில் வீட்டை விட்டுப் புறப்பட்டவர், 1656-ஆம் ஆண்டில் ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கும்பெனியின் படையில் சேர்ந்து கீழ்நாடுகளுக்குக் கப்பலேறினார். முறையான உயர்கல்வி அவருக்குக் கிட்டவில்லை. இலத்தீன் மொழியில் நூல் எழுதும் புலமையும் இல்லை. இக்குறையே பின்னாளில் அவருக்குத் துணையாயிற்று என்று கருத இடமுண்டு. தமக்குத் தெரியாது என்பதை அறிந்தவர் பிறரை நாடுவர் அல்லவா?

அக்காலத்தில் மலையாளக் கரையின் மிளகு வாணிகம் போர்த்துக்கீசியர் கையில் இருந்தது. அதனைப் பறிக்க ரிக்ளோஃப் வான் கோயன்ஸ் என்னும் தலைவரின் கீழ் ஒல்லாந்தர் படை கொச்சியைத் தாக்கிற்று. கொச்சி அரச குடும்பத்திலோ உட்பகை. போர்த்துக்கீசியர் ஒரு கிளையினரை அரியணையில் அமர்த்தியிருந்தனர். உரிமை இழந்த மற்றொரு கிளையினர் ஒல்லாந்தரை அண்டியிருந்தனர். 1662-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மட்டாஞ்சேரியில் நடந்த போர் கொடியது. அரண்மனையிலும் அதனை அடுத்த பகவதி கோயிலிலும் குருதி சிந்திற்று. அரசரும் அவரைச் சார்ந்தவர் சிலரும் நாயர் வீரர் பலரும் மாண்டனர். முதியவரான இராணி கங்காதர இலக்குமியைச் சிறைப்பிடித்தவர் இருபத்தாறு வயதும் நிரம்பாத வான் ரீடு. மட்டாஞ்சேரியில் அவர் முதன்முதல் பெற்ற புகழ் இதுவே.

அறிஞர் வரலாறுகளை எழுதுவோர் இத்தகைய செய்திகளை ஒதுக்கிவிடுவர். ஒதுக்குதல் தகாது என்பது எம் கருத்து. பின்னாளில் அவர் அழைத்தபோது மருத்துவர்களும் அரசர்களும் உதவிக்கு வந்தனர் என்றால், அவ்வழைப்பின் பின்னே கோட்டையும் பீரங்கியும் நின்றன என்பதை மறக்கலாகாது.

அடுத்த ஆண்டு, 1663 சனவரியில், கொச்சிக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. வீர கேரள வர்மர் அரியணை ஏறினார். அவருக்கு அருகில் இருந்து ஆலோசனை கூறும் பொறுப்பு வான் ரீடுக்குக் கிடைத்தது. அரசவை நடைமுறை, நாட்டு வழக்கு, சாதிப் பிரிவு, நிலவுரிமை, கோயில்களின் செல்வாக்கு ஆகியவற்றையெல்லாம் அவர் கண்கூடாகக் கற்ற காலம் இது. பின்னர் இலங்கையில் சில காலம் பணிபுரிந்து, 1670-ஆம் ஆண்டில் மலபாரின் கமாண்டராகக் கொச்சிக்கே திரும்பினார். அரசியல் தலைமை அனைத்தும் அவர் கையில் வந்தது. ஏழாண்டுகள் அப்பதவியில் இருந்தார்.

அவர் செடிகளின்பால் நாட்டம் கொண்டது ஏன்? தொடக்க நாட்களில் மலையாளக் காடுகளின் செழிப்பைக் கண்டு அவர் வியந்தது உண்மை. மரத்தின்மேல் கொடியும், கொடியின்மேல் புல்லுருவியும், ஒன்றன்மேல் ஒன்றாகப் படர்ந்து நிற்கும் காடு மேலைநாட்டுக் கண்ணுக்குப் புதிது. ஆயினும் வியப்பு மட்டும் பன்னிரண்டு தொகுதிகளை உண்டாக்கிவிடாது. கும்பெனி தன் மருத்துவமனைகளுக்கு வேண்டிய மருந்துகளை ஐரோப்பாவிலிருந்து தருவித்தது. பல மாதக் கடற்பயணத்தில் அவை கெட்டு, ஆற்றல் இழந்து வந்து சேர்ந்தன. அவற்றுள் பல இந்தியாவிலிருந்தே வணிகர் வழியாக மேற்கே சென்று, அங்கிருந்து கூடுதல் விலைக்குத் திரும்பி வருபவை. இம்மடமையை வான் ரீடு கண்டார். காய்ச்சலுற்ற படைவீரனுக்கு வேண்டிய வேர் கோட்டைச் சுவரின் ஓரத்திலேயே முளைத்துக் கிடக்க, அதன் சருகை ஆம்ஸ்டர்டாமிலிருந்து வரவழைப்பானேன்?

மற்றொரு காரணமும் உண்டு. வான் கோயன்ஸ் இலங்கையையே கும்பெனியின் தலைநிலமாக்க முயன்றார். அவர் கண்ணுக்கு மலபார் ஒரு செலவினம். மலபார் வளம் மிக்க நாடு என்று காட்ட வேண்டிய கட்டாயம் வான் ரீடுக்கு இருந்தது. தம்மை வளர்த்த தலைவரோடு அவர் கொண்ட இப்பூசலும் நூலின் பிறப்பில் பங்கு கொண்டது. அறிவுப் பணிகள் தூய அறிவு வேட்கையினால் மட்டும் பிறப்பதில்லை. இன்றைய ஆராய்ச்சித் திட்டங்களுக்குப் பணம் எங்கிருந்து, எதற்காக வருகிறது என்று பார்ப்போர்க்கு இது வியப்பாக இராது.

பணியின் தொடக்கத்தில் அவருக்குத் துணையாகக் கிடைத்தவர் இத்தாலிய நாட்டுத் துறவி மத்தேயு. கார்மேல் சபையைச் சேர்ந்த இவர் கீழ்நாடுகளில் பல்லாண்டு திரிந்து செடிகளைப் படம் வரைந்து வைத்திருந்தவர். ஒல்லாந்தர் சீர்திருத்தச் சமயத்தார். கத்தோலிக்கத் துறவிகளை ஐயத்தோடு நோக்கியவர்கள். ஆயினும் வான் ரீடு இவரை அரவணைத்தார். செடிநூலுக்காகச் சமயப் பகைமை சற்று ஒதுங்கி நின்றது. மத்தேயுவின் படங்களோ விரைந்து இழுத்த கோடுகள். இலை, பூ, காய் ஆகியவற்றின் நுட்பம் அவற்றில் புலப்படவில்லை. எனவே திட்டம் புதிதாக அமைக்கப்பெற்றது.

அத்திட்டத்தை விளங்கிக்கொண்டால்தான் வான் ரீடின் திறமை விளங்கும். செடிகளை அறிந்து கொணரும் ஆட்கள் காடுகளுக்கு அனுப்பப்பெற்றனர். இலை, பூ, காய், வேர் இவற்றோடு கூடிய செடி வாடுமுன் கொச்சிக்கு வந்து சேர வேண்டும். வந்தவுடன் ஓவியர் வரைவர். அந்தோனி கோட்கின்ட், மார்செலிஸ் ஸ்பிளிண்டர் என்போர் அவ்வோவியருள் இருவர். பூக்கும் பருவம் ஒன்று, காய்க்கும் பருவம் வேறு. ஆதலால் ஒரே செடிக்காக மீண்டும் மீண்டும் காடு புக நேர்ந்தது. கொச்சி அரசரும் அண்டை நாட்டுத் தலைவர்களும் தத்தம் எல்லையிலிருந்து செடிகளை அனுப்பி உதவினர்.

அடுத்து, செடியின் பெயரும் குணமும் கூற மருத்துவர் அமர்ந்தனர். இவருள் தலையாயவர் இட்டி அச்சுதன். சேர்த்தலைப் பகுதியில் கடக்கரப்பள்ளி என்னும் சிற்றூரில், கொல்லாட்டு வீட்டில் பிறந்த பரம்பரை வைத்தியர். ஈழவர் குலத்தினர். முன்னோர் வழிவந்த ஓலைச்சுவடிகளும் தம் கையனுபவமும் கொண்டு செடிகளின் இயல்பை எடுத்துரைத்தார். மற்ற மூவர் ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் எனும் கொங்கணி பிராமணர். கோவாவில் போர்த்துக்கீசியரின் சமயக் கொடுமைக்கு ஆற்றாது கொச்சிக்கு ஓடிவந்து குடியேறிய மக்களின் வழிவந்தவர் இவர்கள். மட்டாஞ்சேரியில் செறளாயி என்னும் பகுதியும், அங்குள்ள திருமலைத் தேவசுவம் கோயிலும் இன்றும் அம்மக்களின் நடுவிடமாக விளங்குகின்றன. அக்கோயிலும், பரதேசி யூதர் தொழுகைக் கூடமும் 1662-ஆம் ஆண்டுப் போரின்போது போர்த்துக்கீசியரால் சேதமுற்றவை என்பதை அறிந்தால், ஒல்லாந்தருடன் இம்மக்கள் ஒத்துழைத்ததன் காரணம் ஓரளவு விளங்கும்.

ஈழவ வைத்தியரும் பிராமணப் பண்டிதரும் ஒரே நூலுக்காக உழைத்தனர் என்பதை இன்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தீண்டாமை தலைவிரித்தாடிய பதினேழாம் நூற்றாண்டு மலையாள நாட்டில் அது சிறிய செய்தியன்று. அவர்கள் ஒரே கூரையின்கீழ் எவ்வளவு நெருங்கி அமர்ந்தனரோ, நூலின் பக்கங்களில் நெருங்கியே அமர்ந்திருக்கின்றனர்.

பதினைந்து பதினாறு அறிஞர் கூடி ஒவ்வொரு செடியைப் பற்றியும் வாதிட்ட காட்சியை வான் ரீடு தம் நூலின் மூன்றாம் தொகுதி முன்னுரையில் விரித்துரைக்கிறார். அவர்கள் பண்டைய நூற்பாக்களை நினைவிலிருந்து எடுத்துக்காட்டித் தம் கொள்கையை நிறுவியதும், கருத்து மாறுபட்டபோதும் சினமின்றி மதிப்போடு உரையாடியதும் அவரை வெகுவாகக் கவர்ந்தன. இவற்றையெல்லாம் அருகிருந்து கண்டவர் பீரங்கி முழக்கத்தில் பயின்ற படைத்தலைவர் என்பது கருதத்தக்கது.

இனி மொழியின் சிக்கல். இட்டி அச்சுதன் மலையாளத்தில் கூறினார். கும்பெனியின் மொழிபெயர்ப்பாளரும் கொச்சியிலேயே பிறந்தவருமான இம்மானுவேல் கார்னேரோ அதனைப் போர்த்துக்கீசிய மொழியில் எழுதினார். அக்காலத்தில் கீழைக் கடற்கரை எங்கும் பல இனத்தாருக்கும் பொதுமொழியாக இருந்தது போர்த்துக்கீசியமே. பகைவரின் மொழியாயினும் ஒல்லாந்தரும் அதனை விட இயலவில்லை. அங்கிருந்து இலத்தீனுக்குக் கொண்டுசென்றோர் நகர் மன்றச் செயலாளர் கிறிஸ்தியான் வான் டோனப்பும், சமய போதகர் யோகான்னஸ் கசேரியுசும் ஆவர். இந்தக் கசேரியுஸ் யாவர் தெரியுமா? இளமையில் மெய்ப்பொருள் அறிஞர் ஸ்பினோசாவிடம் பாடம் கேட்ட மாணவர். தேக்கார்த்தின் தத்துவத்தை ஸ்பினோசா இவருக்குப் பயிற்றியபோது உருவான பாடங்களே 1663-ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய முதல் நூலுக்கு அடிப்படையாயின. ஐரோப்பியத் தத்துவத்தின் பெரிய ஆசிரியரிடம் பயின்றவர், கடக்கரப்பள்ளி வைத்தியர் கூறிய சொற்களை இலத்தீனில் வடித்துக்கொண்டிருந்தார். இவ்விரு கல்வி மரபுகளும் சந்தித்த இடம் கொச்சி.

இலத்தீனில் ஆன வரைவுகள் ஒல்லாந்துக்குச் சென்றன. லைடன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஆர்னால்டு சியன் முதல் தொகுதிக்கு உரைக்குறிப்பு எழுதினார். அவர் மறைந்த பின் ஆம்ஸ்டர்டாமின் யான் கொம்மெலின் அப்பணியை மேற்கொண்டார். உட்ரெக்ட் பேராசிரியர் யான் முன்னிக்ஸ் முதலியோரும் துணைநின்றனர். 1678-ஆம் ஆண்டில் முதல் தொகுதி ஆம்ஸ்டர்டாமில் அச்சேறியது. 1693-ஆம் ஆண்டில் பன்னிரண்டாம் தொகுதி வந்தது. 740-க்கும் மேற்பட்ட செடிகளும், ஏறத்தாழ 790 செப்புத் தகட்டுப் படங்களும் அவற்றுள் அடங்கின. மூன்றாம் தொகுதி கொச்சி அரசர் வீர கேரள வர்மருக்கு உரிமையாக்கப்பெற்றது.

நூலைத் திறந்தால் முதலில் நிற்பது தெங்கு. ‘தெங்ங்ஙு’ என்ற மலையாளச் சொல்லை உரோமன் எழுத்தில் கேட்டவாறே எழுதியிருக்கின்றனர். படங்களின் மேல் இலத்தீன், மலையாளம், அரபு, நாகரி ஆகிய எழுத்துகளில் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. மலையாள எழுத்து அச்சில் வந்தது இந்நூலிலேதான் முதன்முறை. அவை வார்த்த அச்செழுத்துகள் அல்ல, தகட்டில் செதுக்கியவை. அதே மலையாள நாட்டின் கொல்லத்தில் 1578-ஆம் ஆண்டிலேயே தமிழ் எழுத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாகிவிட்டதை எண்ணும்போது நமக்குப் பெருமிதம் உண்டாகலாம். அது இருக்கட்டும்.

தமிழ் மாணவர் இந்நூலின் பெயர்களைப் படித்தால் பிறநாட்டு நூலைப் படிப்பதாகத் தோன்றாது. கொன்றை ‘கொன்ன’ என நிற்கிறது. புன்னை ‘பொன்ன’ எனக் காண்கிறது. தாழையைக் ‘கைத’ என்று குறித்திருக்கின்றனர். நம் பழைய இலக்கியங்களில் வரும் கைதை அதுவே. நாம் நிகண்டிலும் உரையிலும் தேடும் சொல், மலையாள வைத்தியரின் நாவில் அன்றாடச் சொல்லாக உயிரோடு இருந்திருக்கிறது. மகிழ மரம் ‘எலெங்ஙி’ ஆயிற்று. அதுவே இன்றும் அம்மரத்தின் அறிவியற் பெயரின் பின்பாதி. ஏலச் செடிக்குரிய ‘எலெட்டேரியா’ என்னும் பேரினப் பெயரும் இந்நூலில் கண்ட மலையாளப் பெயரிலிருந்து எடுத்ததே.

சுவீடன் நாட்டு லின்னேயஸ் செடிகளுக்கெல்லாம் ஈரடிப் பெயர் சூட்டி 1753-ஆம் ஆண்டில் தம் பெருநூலை வெளியிட்டபோது, இந்தியச் செடிகளுக்கு அவர் நம்பிய சான்றுகளுள் தலையாயது மலபார்த் தோட்டம். பிறர் நூல்களை எளிதில் நம்பாத அவர், நம்பத்தக்கவர் எனக் குறித்த மிகச் சிலருள் வான் ரீடு ஒருவர். பல செடிகளுக்கு உலர்ந்த மாதிரி எதனையும் அவர் கண்டதில்லை. இந்நூலின் படத்தையும் விளக்கத்தையும் கொண்டே பெயர் வைத்தார். வான் ரீடின் பெயரால் ‘ரீடியா’ என ஒரு பேரினத்தை வகுத்தவரும் அவரே. இட்டி அச்சுதனுக்கு அத்தகைய சிறப்பு கிடைக்க 1856-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டில் செடிநூல் அறிஞர் புளூமே ‘அச்சுதேமியா’ என்னும் பெயரைச் சூட்டினார்.

ஆயின் இட்டி அச்சுதனின் பெயர் புளூமேக்கு எவ்வாறு தெரிந்தது? இங்குத்தான் வான் ரீடு செய்த அரிய செயல் ஒன்றைக் காண்கிறோம். முதல் தொகுதியின் தொடக்கத்திலேயே மூன்று வாக்குமூலங்கள் அச்சிடப்பட்டுள்ளன. ஒன்று கார்னேரோவினுடையது. ஒன்று மூன்று பிராமணரும் சேர்ந்து கொங்கணி மொழியில், நாகரி எழுத்தில் எழுதியது. மற்றொன்று இட்டி அச்சுதன் கோலெழுத்தில் எழுதியது. மூன்றும் 1675 ஏப்பிரலில் கொச்சியில் எழுதப்பெற்றவை. தாம் யார், எவ்வூரார், எதன் துணைகொண்டு எவற்றைக் கூறினர் என்பதை அவரவர் தத்தம் மொழியில் உரைத்திருக்கின்றனர். அவற்றை இலத்தீனில் பெயர்த்துப் போட்டிருந்தால் போதும்; மூல எழுத்தையே செதுக்கி அச்சிட்டது கூடுதல் செலவு. ஆம்ஸ்டர்டாமில் அதைப் படிக்கக்கூடியவர் எவரும் இரார். இருந்தும் அச்சிட்டனர்.

கோலெழுத்து என்பது நம் வட்டெழுத்தின் வழிவந்தது, பிற்காலத்தில் வழக்கொழிந்தது. அப்பழைய எழுத்தில் ஒரு நாட்டு வைத்தியர் தம் கையால் எழுதியது, செப்புத் தகட்டின் வழியாக உலகெங்கும் உள்ள நூலகங்களில் இருக்கிறது. அவர் குடும்பத்து மருத்துவச் சுவடிகளோ இன்று கிடைக்கவில்லை. மூலம் அழிந்தது, பெயர்ப்பு மட்டும் எஞ்சியது.

இதனால் வான் ரீடுக்கு முழுப் புகழும் உரியது என்று சொல்ல வரவில்லை. நூலின் முகப்பில் இருப்பது அவர் பெயர். பயன் பெற்றது கும்பெனி. காடுகளில் திரிந்து செடி கொணர்ந்தோரின் பெயர்கள் நமக்கு எட்டவில்லை. வைத்தியரோ பண்டிதரோ பெரும்பங்கு யாருடையது என்று இன்றளவும் அறிஞர் வழக்காடுகின்றனர். ஈழவ வைத்திய மரபே நூலின் உயிர் என்பார் ஒரு சாரார். பிராமணப் பண்டிதரின் பங்கும் சிறிதன்று என்பார் மற்றொரு சாரார். இவ்வழக்கு நடப்பதற்கே இடமளிப்பவை அந்த வாக்குமூலங்கள்தாம். அக்கால ஐரோப்பியர் தொகுத்த பிற நூல்களில், நாட்டார் ஒருவர் சொன்னார் என்பதற்கு மேல் ஒரு சொல் கிடைப்பது அரிது. பெயரே இல்லாத இடத்தில் வழக்கு ஏது?

கொச்சியை விட்டு வான் ரீடு 1677-ஆம் ஆண்டில் புறப்பட்டார். பத்தேவியாவில் உயர் மன்ற உறுப்பினராகச் சில காலம் இருந்தார். வான் கோயன்சுடன் கொண்ட பகை அங்கும் தொடர்ந்தது. அதே ஆண்டில் கசேரியுஸ் பத்தேவியாவில் நோயுற்று இறந்தார். முதல் தொகுதி வெளிவந்ததைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1678-ஆம் ஆண்டில் ஒல்லாந்து திரும்பிய வான் ரீடு, உட்ரெக்டில் தங்கி அச்சுப் பணியைக் கவனித்தார்.

1684-ஆம் ஆண்டில் கும்பெனியின் இயக்குநர்கள் அவரை மீண்டும் அழைத்தனர். கீழ்நாட்டுத் தொழிற்சாலைகளில் ஊழல் மலிந்துவிட்டது. அதனை ஆராய்ந்து ஒழிக்க முழு அதிகாரம் கொண்ட ஆணையராக அவர் அனுப்பப்பெற்றார். வழியில் 1685-இல் நன்னம்பிக்கை முனையில் தங்கினார். ஐரோப்பியருக்கும் அடிமைப் பெண்களுக்கும் பிறந்தோர் உரிய வயதில் விடுதலை பெற வேண்டுமென்று அங்கு விதி செய்தார். அடிமை முறையை அவர் ஒழிக்கவில்லை. ஒழிக்க எண்ணியதாகவும் தெரியவில்லை. அவருடைய குடும்பப் பட்டப் பெயரால் அங்கே ஒரு பள்ளத்தாக்கு இன்றும் டிராக்கன்ஸ்டைன் எனப்படுகிறது.

பின் வங்காளம், சோழமண்டலக் கரை, இலங்கை என்று அவர் பயணம் நீண்டது. சோழமண்டல ஒல்லாந்தரின் தலைமையிடம் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்திற்கு 1690-ஆம் ஆண்டில் மாறியது அவர் முடிவினாலேயே. அதே ஆண்டில் யாழ்ப்பாணத்து நல்லூரில் நாட்டு இளைஞர் கற்பதற்குச் சமயக் கல்லூரி ஒன்று தோன்றியதும் அவர் முயற்சியே. மலையாளம் அளவுக்கு இல்லையெனினும் தமிழ்நிலமும் அவர் கால்பட்ட நிலமே.

1691-ஆம் ஆண்டின் இறுதியில் கொச்சியிலிருந்து சூரத்துக்குக் கப்பலில் சென்றபோது, டிசம்பர் 15-ஆம் நாள் பம்பாய்க்கு அருகே கடலில் உயிர் நீத்தார். ஊழலை ஒழிக்க வந்தவராதலின் நஞ்சூட்டப்பட்டார் என்றொரு ஐயமும் எழுந்ததுண்டு. சூரத்தில் அவருக்கு எழுப்பிய நினைவுமாடம் மிகப் பெரிது; ஆங்கிலேயர் கல்லறையை விஞ்ச வேண்டுமென்றே ஒல்லாந்தர் அவ்வாறு கட்டினர் என்பர். மலபார்த் தோட்டத்தின் பன்னிரண்டாம் தொகுதியை அவர் பார்க்கவில்லை.

வான் ரீடின் வாழ்க்கை அத்துடன் முடிந்தது. நூலின் வாழ்க்கை முடியவில்லை. ஆயினும் அது ஒரு விந்தையான சிறைவாழ்வு. இலத்தீன் அறியாதார்க்கு அது மூடிய கதவு. மலையாள நாட்டு வைத்தியர் கூறிய மருந்து மலையாள நாட்டு வைத்தியருக்கே எட்டாததாய் முந்நூறு ஆண்டுகள் கிடந்தது. அக்கதவைத் திறந்தவர் கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகத்தின் செடிநூல் பேராசிரியர் கே. எஸ். மணிலால். அவர் இலத்தீன் கற்றார். தம் ஆராய்ச்சி மாணவர்களோடு மலபாரின் காடுகளிலும் கடற்கரைகளிலும் சதுப்புகளிலும் அலைந்து, பழைய படங்களில் உள்ள செடிகளை ஏறத்தாழ முழுமையாக மீண்டும் கண்டெடுத்தார். மூன்று நூற்றாண்டுக்குப் பின் அதே ஊரில் அதே செடி நிற்கிறதா என்று பார்ப்பது செடிநூலும் வரலாறும் கலந்த ஆராய்ச்சி. மொழியறிவும் இன்றி அது நடவாது. வான் ரீடு பலரைக் கூட்டிச் செய்த பணியை மறுமுறை செய்யவும் பலர் வேண்டியிருந்தனர்.

1988-ஆம் ஆண்டில், மலபார்த் தோட்டத்துச் செடிகள் ஒவ்வொன்றும் இன்றைய அறிவியற் பெயரால் எது என்று விளக்கும் நூல் வெளிவந்தது. அதன் முகப்பில் மூன்று பெயர்கள் உள்ளன. முதலாவது அமெரிக்க அறிஞர் டான் நிக்கல்சன். மூன்றாவது மணிலால். அவ்விருவருக்கும் இடையில், ஆசிரியரின் பெயருக்கு முன்னே, அவரிடம் ஆராய்ச்சி செய்த சி. ஆர். சுரேஷின் பெயர் நிற்கிறது.

2003-ஆம் ஆண்டில் மணிலாலின் ஆங்கிலப் பெயர்ப்பைப் பன்னிரண்டு தொகுதிகளாகக் கேரளப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. 2008-ஆம் ஆண்டில் மலையாளப் பெயர்ப்பு வந்தது. 1675-ஆம் ஆண்டில் இட்டி அச்சுதன் மலையாளத்தில் சொன்ன சொல், போர்த்துக்கீசியமாகி, இலத்தீனாகி, ஆங்கிலமாகி, மீண்டும் மலையாளமாகிக் கடக்கரப்பள்ளிக்கு வந்து சேர 333 ஆண்டுகள் ஆயின. மணிலால் 2025 சனவரி முதல் நாளில் மறைந்தார்.